கேட்காததைச் சொல்லாதே

நைனா,

நேற்று சென்ட்ரலில் ரயில் கிளம்புகிற நேரத்தில், "இன்னாமா இப்டி அழுவுற? டெல்லிதானே, அமெரிக்காவா போறேன்?" என்று கேட்டாய். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிள்ளையைப் பிரிகிற தாயின் அழுகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அது அழுகை இல்லை, பயம். உன்னை நினைத்து வந்த பயம்கூட இல்லை. உன்னைப் பார்த்து வந்த பயம். பெற்றவள் பிள்ளையைப் பார்த்துப் பயப்படுவாளா என்று நீ கேட்பாய். பயப்படுகிறேனே, என்ன செய்ய? இன்று எனக்கு லீவு. அப்பா தண்டையார்பேட்டை குடோனுக்குக் காவல் வேலைக்குப் போய்விட்டார். முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராததை எழுதியாவது அனுப்பிவிடுகிறேன்.

வேலைக்கான கடிதம் வந்த அன்று நீதான் சத்தமாகப் படித்துக் காட்டினாய். அமெரிக்க அரசின் பணத்தில் நடக்கிற குடும்பநல மையங்களுக்கு ஊர் ஊராகப் போக வேண்டும், பதிவேடுகளைப் பார்க்க வேண்டும், நிபந்தனைகளை யாராவது மீறுகிறார்களா என்று எழுதித் தர வேண்டும். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஆப்பீஸர்டா எம்புள்ள" என்று எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். அது என்ன நிபந்தனை என்று அவர் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நான் பால் பொங்கிவிடும் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை. அந்த நிபந்தனை என்னவென்று இந்த வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. திருவொற்றியூர் மையத்தில் ஆலோசகர் என்று ஒரு நாற்காலியில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேனே, அதில் கடைசி ஏழு வருஷம் அந்த நிபந்தனைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை தோளில் பையோடு ஒருவர் வருவார். அவர் வருகிறார் என்றாலே ஒரு வாரத்துக்கு எங்கள் யாருக்கும் சோறு இறங்காது. இனி அந்தப் பை உன் தோளில்.

முதலில் உனக்கு அந்த மையம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். நீ பள்ளிக்கூடம் விட்டு அங்கே வந்து பெஞ்சில் தூங்குவாய், உனக்கு நினைவிருப்பது பெஞ்சும் கடல் சத்தமும்தான். கரையில் கருங்கல் கொட்டியிருக்கிற குப்பத்திலிருந்தும், இறால் உரிக்கிற ஷெட்டுகளிலிருந்தும், ரயில்வே லைன் ஓரத்திலிருந்தும் பெண்கள் வருவார்கள். காப்பர்-டி போடுவோம், மாத்திரை தருவோம், ஆணுறை தருவோம், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவோம். யாராவது வந்து, இந்தக் கர்ப்பம் வேண்டாம், தாங்க முடியாது என்றால், அதை நாங்கள் செய்ததில்லை. அதற்கு இடம் பெரியாஸ்பத்திரி. ஒரு துண்டுச் சீட்டில் எந்த அறை, எந்தக் கிழமை என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். நம் நாட்டுச் சட்டம் அதை அனுமதித்து ரொம்ப வருஷமாகிறது. காசு கிடையாது. சுவரில்கூட அதைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தோம்.

நீ பத்தாவது படித்த வருஷம் அமெரிக்காவில் ஆட்சி மாறியது. அங்கே யாரோ கையெழுத்துப் போட்டார், இங்கே மையத்தை நடத்துகிற எங்கள் டாக்டரம்மா கையெழுத்துப் போட வேண்டி வந்தது. அவர்கள் பணம் வேண்டுமென்றால், கருக்கலைப்பு செய்யக் கூடாது, அதற்கு வழி சொல்லக் கூடாது, அனுப்பி வைக்கக் கூடாது. வேறு யாராவது தந்த பணத்தில்கூடக் கூடாது. நம் ஊர்ச் சட்டம் கொடுத்ததை எங்கேயோ இருக்கிற ஒரு தாள் பிடுங்கிக்கொண்டது. டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "கையெழுத்துப் போடலன்னா அடுத்த மாசம் காப்பர்-டியும் கெடையாது, ஊசியும் கெடையாது, கதவ சாத்திட்டுப் போகணும். என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. சுவரில் இருந்த தாளைத் தண்ணீர் தெளித்துக் கத்தியால் சுரண்டி எடுத்தது நான்தான். எடுத்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டினோம்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆட்கள் வந்தார்கள். அந்தத் தாளில் ஒரு சின்ன சந்து விட்டிருந்தார்கள், நீயும் இப்போது அதைப் படித்திருப்பாய். வருகிறவள் தானாகவே, "நான் கர்ப்பமாக இருக்கிறேன், சட்டப்படி கலைப்பது என்று முடிவு செய்துவிட்டேன், பாதுகாப்பாக எங்கே செய்துகொள்ளலாம்?" என்று முழுசாகக் கேட்டால், இடத்தை மட்டும் சொல்லலாம். அவள் அப்படிக் கேட்காதவரை நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. நோட்டில் எழுதிக்கொண்டோம். எங்கள் நர்ஸ் மேரி சிஸ்டர் என் காதில், "இன்னாடி இது, கோர்ட்ல வக்கீல் பேசற மாதிரி கீது. நம்மூர்ப் பொம்பள எவ இப்டிக் கேப்பா?" என்றாள். சிரித்தோம். ஆனால் அவள் சொன்னதுதான் நிஜம். இந்தக் கரையில் எந்தப் பெண்ணும் அந்த வார்த்தையை வாயால் சொல்ல மாட்டாள். தலைக்கு ஊத்தல என்பாள், நாள் தள்ளிப் போச்சு என்பாள், வயித்துல ஒரு மாதிரி கீது என்பாள். மிச்சத்தை எதிரே இருக்கிறவள் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள்.

அதற்கு மேல் ஒரு வதந்தி. வேறு ஏதோ ஊரில், சோதித்துப் பார்க்க ஒரு பெண்ணை நோயாளி மாதிரி அனுப்பினார்களாம், ஆலோசகர் வழி சொன்னாளாம், மறு மாசம் மையத்தையே மூடிவிட்டார்களாம். உண்மையோ பொய்யோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்குத்தான் மனுஷன் அதிகமாகப் பயப்படுகிறான். அப்போது நம் வீடு இருந்த நிலையும் உனக்குத் தெரியும். மணலியில் ஒரு கம்பெனியில் அப்பா காண்டிராக்ட் வேலை பார்த்தார். கூட வேலை செய்தவன் கை வெந்துபோனபோது, எங்களுக்கு ஏன் கையுறை தருவதில்லை என்று வாசலில் நின்று கேட்டார். மறுநாள் அவரை உள்ளே விடவில்லை. எட்டு மாசம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று நான் அவரைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. அது தப்பு என்று இப்போது தெரிகிறது. அன்று நியாயமாகத்தான் தெரிந்தது. உனக்கும் அதையே ஓதினேன். கேட்டால் மட்டும் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே, நம்மைப் போன்றவர்களுக்கு வாய்தான் எதிரி.

நீ நன்றாகக் கற்றுக்கொண்டாய். பதினொன்றாவதில் வகுப்பு ஜன்னல் கண்ணாடி உடைந்ததே, உடைத்தது யாரென்று உனக்குத் தெரியும். வாத்தியார் தப்பான பையனை நிற்கவைத்து அடித்தார். நீ வீட்டுக்கு வந்து, "என்னக் கேக்கல, நான் சொல்லல" என்றாய். எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்! நானும் கெட்டிக்காரன் என்று உன் கன்னத்தைக் கிள்ளி, முட்டை பொரித்துக் கொடுத்தேன். அடி வாங்கிய பையன் ஒரு வாரம் பள்ளிக்கூடம் வரவில்லை என்று பிறகு சொன்னாய். அதைப் பற்றி நாம் இருவரும் அப்புறம் பேசவே இல்லை.

பவானி வந்தது, தாளில் கையெழுத்தாகி ஒரு வருஷம்கூட ஆகாதபோது. காசிமேட்டு இறால் ஷெட்டில் வேலை. விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருக்கும், உரிக்கிறவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். மூன்று பிள்ளைகள், கடைசிக்கு ஏழு மாசம். புருஷன் ஐஸ் பார் இறக்குகிற வேலை. தனியாக வந்தாள். நைனா, கவனி, தனியாக வந்தாள். இந்தப் பக்கத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குத் தனியாக வர மாட்டார்கள். நாத்தனாரோ அக்காவோ பக்கத்து வீட்டுக்காரியோ கூட வருவார்கள். இவள் தனியாக, துவைத்த புடவை கட்டி, தலை வாரி வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, தலைக்கு ஊத்தி ரெண்டு மாசம் ஆவுது."

"அப்படியா" என்றேன். எழுதிக்கொண்டேன்.

"கைப்புள்ள இன்னும் பால் குடிச்சிகினு கீது. ஒடம்புல தெம்பே இல்லக்கா. எதுனா வழி சொல்லேன்."

நான் நிமிரவில்லை. சத்து குறைவாக இருக்கும், நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றேன். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அதில்லக்கா. உனுக்குப் புரியலையா? எங்கூட வேல செய்யறவ சொன்னா, இங்க போனா அக்கா சீட்டு எழுதித் தரும்னு. அந்தச் சீட்டு குடுக்கா" என்றாள்.

சீட்டு என்று எப்படித் தெரியும்? ஏன் தனியாக வந்தாள்? ஏன் விடாமல் கேட்கிறாள்? இவள்தான் அந்த ஆள், அனுப்பி வைத்த ஆள் என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. எதிரே இருந்தவளின் வெந்த விரல்கள் என் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தன. அப்படி ஒரு கையை யாரும் வேஷம் போட முடியாது என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். பயம் வந்தால் கண் இருந்தும் குருடு, நைனா. "சீட்டெல்லாம் இப்ப தர்றதில்லம்மா" என்று சொல்லி, இரும்புச் சத்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துத் தள்ளினேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "இது அதுக்கா அக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல, ரத்தத்துக்கு. அடுத்த மாசம் வா."

மூன்று முறை கேட்டாள். தன்னால் முடிந்த அளவுக்கு, தன் மொழியில், எவ்வளவு பச்சையாகக் கேட்க முடியுமோ அவ்வளவு பச்சையாகக் கேட்டாள். நான் நோட்டில் இருந்த அந்த வக்கீல் வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அவள் எழுந்து, அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, "சரிக்கா, வர்றேன்" என்று போனாள். அவள் வெளியே போனதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, தப்பித்தேன் என்று தோன்றியது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, பாவமன்னிப்புக் கேட்கப் போகிற பழக்கம் உள்ள மேரி சிஸ்டரிடம்கூடச் சொன்னதில்லை.

பத்து நாள் கழித்து ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சந்தில் யாரோ ஒருத்தியிடம் போயிருக்கிறாள். உடம்பு கொதித்தது, ஆட்டோ சீட்டெல்லாம் ரத்தம். அப்போது எங்கள் கை கட்டப்படவில்லை. அந்தத் தாளில் அதற்குத் தடை இல்லை, நைனா. எங்காவது போய்க் கெடுத்துக்கொண்டு வந்தவளுக்கு வைத்தியம் பார்க்கலாம். முன்னால் வாயைத் திறக்கத்தான் கூடாது, பின்னால் ரத்தம் துடைக்கலாம். துடைத்தோம். ஊசி போட்டு, அதே ஆட்டோவில் நானும் மேரி சிஸ்டரும் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அவள் தானாக நடந்து போயிருக்கும் அதே ஆஸ்பத்திரி. வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. "கொழந்தைக்குப் பால் குடுக்கணும்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

காரியம் முடிந்து அவள் புருஷன் வந்தான். கையில் அந்த மாத்திரை அட்டை. "வூட்ல பொட்டில இருந்துச்சு அக்கா. ஒண்ணுகூடப் பிரிக்கல. வேற யாருக்கனா ஆவும், வச்சிக்கோ" என்று மேஜையில் வைத்தான். கடைசி வரை கூட இருந்தாயே என்று எனக்குக் கும்பிடு வேறு போட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது. நான் கும்பிட்டேன், திருப்பி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளித்தேன், மறுபடி குளித்தேன். நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். என்னம்மா என்று கேட்டாய். வெயில் என்றேன்.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். அந்த வருஷம் டெல்லியிலிருந்து பையோடு வந்தவர் நல்ல மனிதர். டீ கொடுத்தால் எழுந்து நின்று வாங்குவார், பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேட்பார். பதிவேட்டில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். பவானியின் வரிக்கும் வந்தார். கர்ப்பிணி, இரும்புச் சத்து மாத்திரை வழங்கப்பட்டது, அடுத்த மாதம் வரச் சொல்லப்பட்டது. பச்சை மையில் ஒரு டிக் போட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டரம்மாவிடம் சொல்லி, என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் ஒரு கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. நல்லவர், ஒழுங்கானவர், கேட்க வேண்டியதை மட்டும் கேட்கிறவர். நீயும் நல்லவன். உன்னை அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். அதுதான் என் ஈரக்குலையை நடுங்க வைக்கிறது.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன ஆடி மாசம் ஒரு பெண் வந்தாள். இருபது வயதிருக்கும், தனியாகத்தான் வந்தாள், தலைக்கு ஊத்தல என்றுதான் ஆரம்பித்தாள். என் வாய் தானாகத் திறந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் எந்த அறை, எந்தக் கிழமை, காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கு, மூன்று மாசத்துக்குள் போனால் நல்லது, உன் கையெழுத்து போதும், புருஷனைக் கூட்டி வா என்று அதட்டுவார்கள், பயப்படாதே, காசு கேட்டால் தராதே. எல்லாவற்றையும் சொன்னேன். அன்றிலிருந்து யார் வந்தாலும் சொல்கிறேன். பதிவேட்டில் எழுதுவதில்லை. டாக்டரம்மாவுக்குத் தெரியாது. நான் ஆரம்பித்தால் மேரி சிஸ்டர் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். குடம் நிரம்பியிருந்தாலும் போவாள்.

இது வீரம் இல்லை. வீரம் என்றால் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். நான் பிடிபட்டால் என் வேலை மட்டும் போகாது. மேரி சிஸ்டரின் சம்பளம் போகும், ஊசிக்கு வருகிற பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே இடமும் போகும். வாசலில் புது முகம் தெரிந்தாலே, இவள் அந்த ஆளோ என்று இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அடைத்த நெஞ்சோடேதான் சொல்கிறேன். தைரியம் வந்த பிறகு சொல்லலாம் என்றால் அது வரவே வராது என்று தெரிந்துகொண்டேன்.

தென் பக்கத்து மையங்கள் உனக்கு வரலாம் என்று நீதான் சொன்னாய். எங்கள் மையத்தில் உன் அம்மா இருப்பதைச் சொன்னால் வேறு ஆளை அனுப்புவார்கள், அதுதான் முறை என்று அப்பா சொல்கிறார். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஆனால் எங்கள் மையமோ வேறு எந்த மையமோ, டிக் போடுவதற்கு முன்னால் நிமிர்ந்து எதிரே இருக்கிறவளிடம், கேட்டு வந்து கிடைக்காமல் திரும்பிப் போனவள் யார் என்று ஒரு தடவை கேள். அதற்குப் பதிவேட்டில் இடம் கிடையாது. உன் வேலையிலும் கிடையாது. இருந்தாலும் கேள். இது நான் உனக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு நேர் எதிர் என்று எனக்குத் தெரியும்.

ஒருவேளை நீயே இங்கே வந்தால், என்னையும் நேராகக் கேள். யாருக்காவது வழி சொன்னீர்களா என்று கேட்டால், ஆமாம் என்பேன். பிள்ளை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆப்பீஸர் என்று பயந்தும் பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நீ என்ன எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதினாலும் உனக்கு இந்த வீட்டில் சோறு உண்டு. ஆனால் நீ வருகிற நேரத்தில் எனக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், அவளுக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உனக்குப் பதில். அதுவரை நீ பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திரு.

உன் அம்மா